மேலேயே போடுவதா, அழித்துவிட்டுப் போடுவதா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அந்தத் தேதி நெருங்க நெருங்க, தெரிந்தவர்கள் என்னிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: “அப்படியே விண்டோஸ் 11க்கு அப்கிரேடு கொடுத்துவிடட்டுமா, இல்லை ஃபார்மட் பண்ணிவிட்டுப் புதிதாகப் போடணுமா?” கேட்கும்போதே குரலில் லேசாக ஒரு குற்ற உணர்ச்சி இருக்கும். அப்கிரேடு சோம்பேறிகளின் வழி, ஃபார்மட் அடித்துப் போடுவதுதான் முறை என்று எப்போதோ யாரோ சொல்லிவைத்திருப்பார்கள்.

சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் கற்றுக்கொண்ட காலத்தில் அது சரிதான். இப்போது நிலைமை வேறு. ஏன் வேறு என்று புரிந்துவிட்டால் உங்கள் கணினிக்கு எது பொருந்தும் என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம். அதற்கு சி டிரைவைத் திறந்து பார்க்கத் தெரிந்தால் போதும்.

சி டிரைவில் என்னதான் இருக்கிறது?

திறந்தால் முதலில் கண்ணில் படுவது விண்டோஸ் என்ற ஃபோல்டர். இயங்குதளம் அதற்குள் இருக்கிறது. பக்கத்திலேயே புரோகிராம் ஃபைல்ஸ் என்று ஒன்றோ இரண்டோ இருக்கும். நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் அங்கே. அப்புறம் யூசர்ஸ். அதற்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள். ஆக இயங்குதளம், மென்பொருள், உங்கள் சொந்தக் கோப்புகள் என்று மூன்று சங்கதிகள், மூன்று இடங்களில்.

பார்க்க இப்படிச் சுத்தமாகப் பிரிந்திருப்பதால், “புரோகிராம் ஃபைல்ஸை அப்படியே பென்டிரைவில் காப்பி பண்ணிவைத்துக்கொண்டு, புது விண்டோஸ் போட்டதும் திரும்ப ஒட்டிவிட்டால் ஆச்சு” என்று தோன்றும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரும்பாலான மென்பொருள்கள் அப்படி ஓடாது.

காரணம் இருக்கிறது. ஒரு மென்பொருளை நிறுவும்போது அதன் பெரும்பகுதிதான் புரோகிராம் ஃபைல்ஸுக்குப் போகிறது. மிச்சம் பல இடங்களில் சிதறுகிறது. சில துணைக்கோப்புகள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் போகும். உங்கள் விருப்பத்தேர்வுகள் யூசர்ஸுக்குள் ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டரில் உட்காரும். இது போக ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று உண்டு. விண்டோஸின் மொத்தக் கணக்குப் புத்தகம் அது. எந்த வகைக் கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும், கணினி கிளம்பும்போது எதெல்லாம் கூடவே கிளம்ப வேண்டும், உரிமம் வாங்கியாயிற்றா இல்லையா என்பதெல்லாம் அதில் ஆயிரக்கணக்கான வரிகளாக எழுதப்பட்டிருக்கும்.

உங்கள் புகைப்படமும் கடிதமும் மரத்தில் காய்த்த காய் மாதிரி. பறித்துப் பையில் போட்டு எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். மென்பொருள் மரம். அதற்கு வேர் இருக்கிறது. வெட்டி எடுத்துப் போய் வேறு மண்ணில் செருகினால் நிற்காது. ஒன்று, வேரோடும் வேரைச் சுற்றிய மண்ணோடும் பெயர்த்து நட வேண்டும். இல்லாவிட்டால் புதுக் கன்று வாங்கி வைக்க வேண்டும். அப்கிரேடு முதலாவது வகை. அழித்துவிட்டுப் போடுவது, அதாவது கிளீன் இன்ஸ்டால், இரண்டாவது வகை.

அப்கிரேடு கொடுத்தால் உள்ளே நடப்பது

விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை, நிறுவும் நிரல் கோப்பு கோப்பாகத்தான் வட்டில் எழுதிக்கொண்டு போகும். பழைய விண்டோஸ் மேல் புதியதைப் போட்டால் சிலது மாறும், சிலது மாறாமல் அப்படியே கிடக்கும். பழைய சுவரின் மேலேயே திரும்பத் திரும்பச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். “ஃபார்மட் பண்ணித்தான் போடணும்” என்ற அறிவுரைக்கு வேர் அங்கே இருக்கிறது.

விஸ்டா வந்தபோது இந்த முறை மாறியது. அதிலிருந்து விண்டோஸின் நிறுவல் வட்டில் இருப்பது ஏற்கெனவே நிறுவி முடித்த ஒரு முழு விண்டோஸின் படிமம், அதாவது அச்சு அசலான நகல். அப்கிரேடு கொடுத்தால் நடப்பது இதுதான்: முதலில் உங்கள் கணினி தகுதியானதா, இடம் இருக்கிறதா, ஒத்துப்போகாத மென்பொருளோ டிரைவரோ (வன்பொருளை இயக்க உதவும் நிரல்) இருக்கிறதா என்று பார்க்கிறது. பிறகு மறுதொடக்கம். இந்த முறை எழுந்திருப்பது உங்கள் வழக்கமான விண்டோஸ் இல்லை. அந்த வேலைக்கென்றே இருக்கும் குட்டி விண்டோஸ் ஒன்று. அது பழைய விண்டோஸ் ஃபோல்டரைத் தூக்கி விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டருக்குள் ஓரங்கட்டுகிறது. காலியான இடத்தில் புதிய விண்டோஸை முழுசாக விரிக்கிறது. கடைசியில் பழையதிலிருந்து மென்பொருள்கள், டிரைவர்கள், ரெஜிஸ்ட்ரி வரிகள், உங்கள் அமைப்புகள் எல்லாவற்றையும் இந்தப் புதியதற்குள் கொண்டுவந்து சேர்க்கிறது.

திரையில் சதவீதம் ஏறி, நடுவில் இரண்டு மூன்று முறை அணைந்து எழுவது இதற்காகத்தான். அந்த நேரத்தில், “முப்பதிலேயே நிற்குதே” என்று பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்துபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வட்டு பழையதாக இருந்தால் ஒரே எண்ணில் ரொம்ப நேரம் நிற்பது சகஜம்.

ஆக, இன்றைய அப்கிரேடில் இயங்குதளம் புதியதுதான். மண்ணும் வேரும்தான் பழையது. மண்ணோடு சேர்ந்து எறும்பும் வரும். என்றோ நீக்கிவிட்டதாக நினைத்த வைரஸ் தடுப்பு மென்பொருளின் மிச்சம், கணினி கிளம்பும்போதே கிளம்பும் ஏழெட்டு வேண்டாத நிரல்கள், இப்போது உங்களிடம் இல்லாத பிரிண்டரின் டிரைவர், எவனோ கொடுத்த குறிப்பைப் பார்த்து நீங்கள் ரெஜிஸ்ட்ரியில் மாற்றிவைத்து மறந்துபோன ஒரு வரி, எல்லாம் கூட வரும். எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரித்துப் பார்க்க நிறுவும் நிரலுக்குத் தெரியாது. அதன் வேலை எல்லாவற்றையும் கொண்டுவருவது.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. அப்கிரேடு பாதியில் தோற்றால் பழைய விண்டோஸே திரும்ப வந்துவிடும், விண்டோஸ்.ஓல்டு அதற்காகவும்தான் இருக்கிறது. வெற்றிகரமாக முடிந்து, உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றாலும் 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் போய்ப் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் 10 வந்த புதிதில் இந்தக் கெடு 30 நாட்களாக இருந்தது, பிறகு குறைத்துவிட்டார்கள். ஒன்று மட்டும்: இடம் அடைக்கிறதே என்று டிஸ்க் கிளீனப் ஓட்டி விண்டோஸ்.ஓல்டை முதல் நாளே அழித்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

வேகமாகிவிடுமா?

அழித்துப் போடுபவர்களில் பாதிப் பேர் அதைச் செய்வது வேகத்துக்காக. “சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, ஒருமுறை ஃபார்மட் பண்ணிட்டா பறக்கும்.” பறக்கத்தான் செய்யும். எத்தனை நாளைக்கு என்பதுதான் விஷயம்.

புதிதாகப் போட்ட விண்டோஸ் வேகமாக இருப்பதற்கு ஒரு எளிய காரணம், அதில் இன்னும் எதுவும் இல்லை என்பது. இரண்டு வாரத்தில் நீங்கள் அதே பிரவுசர், அதே அரட்டைச் செயலி, அதே மேகச் சேமிப்பு, அதே கேம் லாஞ்சர் என்று ஒவ்வொன்றாகப் போட்டு முடித்ததும் அந்த வேகத்தில் கணிசமான பகுதி காணாமல் போயிருக்கும். கணினியில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க்காகவும், மெமரி 4 ஜிபியாகவும் இருந்தால், நூறு முறை ஃபார்மட் பண்ணினாலும் அது ஹார்டு டிஸ்க்தான், 4 ஜிபிதான். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச மெமரியே அந்த 4 ஜிபி. குறைந்தபட்சம் என்றால் கிளம்பும் என்று அர்த்தம், சுகமாக ஓடும் என்று அர்த்தமில்லை.

வேகம்தான் பிரச்சினை என்றால் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் பக்கத்தில் தேவையில்லாததையெல்லாம் நிறுத்திப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லையா, சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போடுங்கள். ஃபார்மட் அதற்கப்புறம்.

அழித்துத்தான் ஆக வேண்டிய நேரங்கள்

சில சமயம் உங்களுக்குத் தேர்வே கிடையாது. விண்டோஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை உண்டு. 32 பிட் விண்டோஸிலிருந்து 64 பிட்டுக்கு அப்கிரேடு வழி இல்லை; அழித்துத்தான் போட வேண்டும். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது என்பதால், 32 பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களின் அப்கிரேடு கதை அத்தோடு முடிந்தது. எக்ஸ்பியிலிருந்து நேராக விண்டோஸ் 7க்கும் அன்று இப்படித்தான் வழி விடவில்லை. விஸ்டா வைத்திருந்தவர்கள் மேலேயே போட்டுக்கொண்டார்கள், விஸ்டாவைப் பிடிக்காமல் எக்ஸ்பியிலேயே இருந்துவிட்டவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டார்கள்.

தேர்வு இருந்தும் நான் யோசிக்காமல் அழித்துப் போடச் சொல்லும் இடங்கள் உண்டு. கணினியில் வைரஸ் நுழைந்து, கடவுச்சொல் திருடு போனதோ பணம் போனதோ என்று சந்தேகம் இருந்தால், அதன் மேல் அப்கிரேடு கொடுப்பது திருடனை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டுவதற்குச் சமம். அந்த நிலையில் நிறுவல் பென்டிரைவையும் வேறொரு நல்ல கணினியில்தான் தயாரிக்க வேண்டும். பிறர் பயன்படுத்திய கணினியை வாங்கினாலும் அப்படியே. முன்பு வைத்திருந்தவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் எதையெல்லாம் நிறுவினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அப்கிரேடு இரண்டு மூன்று முறை தோற்றுப் பழையபடியே திரும்பி வந்துகொண்டிருந்தால், அதற்கு மேல் அதோடு மல்லுக்கட்டுவதும் நேர விரயம். பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் முரண்டு பிடித்துக்கொண்டிருக்கும். எது என்று கண்டுபிடிக்கும் நேரத்தில் புதிதாகவே போட்டு முடித்துவிடலாம்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. கணினி நன்றாக ஓடுகிறது, அதில் இருக்கும் ஒரு மென்பொருளின் நிறுவல் கோப்பு உங்களிடம் இல்லை, அல்லது ஒரு ஸ்கேனரையோ கருவியையோ யாரோ ஒருவர் வந்து அரை நாள் உட்கார்ந்து இணைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அவர் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட கணினியில் கை வைத்து “சுத்தம்” செய்யப் போவது தேவையில்லாத வீரம். மேலேயே போடுங்கள்.

எதையெல்லாம் மறப்போம்

அழித்துப் போடுவதில் உண்மையான ஆபத்து தொழில்நுட்பத்தில் இல்லை. நம் ஞாபகத்தில் இருக்கிறது. அப்கிரேடில் கணினி எல்லாவற்றையும் கொண்டுவருகிறது. கிளீன் இன்ஸ்டாலில் நமக்கு நினைவு வந்தது மட்டும்தான் வரும்.

என் சொந்தக் கதையையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு மடிக்கணினியை அழித்துப் போட்டேன். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், படங்கள், டவுன்லோட்ஸ் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்து, எண்ணிக்கை சரிபார்த்து, திருப்தியாகத்தான் ஆரம்பித்தேன். புது விண்டோஸ் வந்தது. டெஸ்க்டாப் பளிச்சென்று இருந்தது. அந்தப் பளிச்சைப் பார்த்ததும்தான் உறைத்தது: திரையின் வலது ஓரத்தில் இரண்டு வருடமாக ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் குறிப்புச் சீட்டுகள் எங்கே? கண் முன்னாலேயே இருந்ததால், அது டெஸ்க்டாப்பில் இருக்கிறது என்றே நினைத்துவிட்டேன். ஸ்டிக்கி நோட்ஸ் தன் குறிப்புகளை வைத்துக்கொள்வது அந்த மறைந்திருக்கும் ஆப்டேட்டாவுக்குள், ஐந்தாறு ஃபோல்டர் ஆழத்தில், ஒரு சின்னத் தரவுத்தளக் கோப்பில். நான் அதை எடுக்கவே இல்லை. சில தொலைபேசி எண்களும், ஒரு ரௌட்டரின் கடவுச்சொல்லும், எழுதலாம் என்று குறித்துவைத்த பத்துப் பதினைந்து வரிகளும் போயின. ரௌட்டரை ரீசெட் செய்துகொண்டேன். வரிகள் போனது போனதுதான்.

இதே மாதிரி ஒளிந்திருப்பவை நிறைய. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் கணக்கோடு ஒத்திசைந்திருந்தால் திரும்ப வரும், இல்லாவிட்டால் ஆப்டேட்டாவோடு போய்விடும். சில மின்னஞ்சல் மென்பொருள்கள் பழைய கடிதங்களைக் கணினியில் மட்டும் ஒரே பெரிய கோப்பாக வைத்திருக்கும். டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழைக் கணினியிலேயே வைத்திருப்பவர்கள் அதன் அந்தரங்கச் சாவியோடு சேர்த்து ஏற்றுமதி செய்யவில்லை என்றால் புதிதாகத்தான் வாங்க வேண்டிவரும். நீங்கள் தேடித் தேடிச் சேர்த்த எழுத்துருக்கள், நிறுவிய விதத்தைப் பொறுத்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளோ ஆப்டேட்டாவுக்குள்ளோ இருக்கும். அதை யாரும் காப்பி செய்ய நினைப்பதில்லை. விளையாட்டுகளில் எட்டிய கட்டங்கள். சில விலையுயர்ந்த மென்பொருள்களில் இந்தக் கணினியின் உரிமத்தை முதலில் விடுவித்தால்தான் புதிதாக நிறுவியதில் சேர்க்க விடும், அந்த விடுவிப்பையும் அழிப்பதற்கு முன்பே செய்தாக வேண்டும்.

மேகச் சேமிப்பில் ஒரு பொறி இருக்கிறது. ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்களின் டெஸ்க்டாப்பும் டாகுமென்ட்ஸும் பல சமயம் ஒன்டிரைவுக்குள் மாற்றப்பட்டிருக்கும். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன மேகக் குறி இருந்தால் அந்தக் கோப்பு உங்கள் வட்டில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. அது இணையத்தில் பத்திரமாக இருக்கும். ஆனால் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லே மறந்துபோயிருந்தால்? அழிப்பதற்கு முன்பு கைபேசியிலோ வேறு கணினியிலோ அந்தக் கணக்குக்குள் ஒருமுறை நுழைந்து பார்த்துவிடுங்கள்.

தேர்ந்தெடுத்து காப்பி எடுக்காதீர்கள் என்பதுதான் நான் கற்றது. எக்ஸ்புளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி செய்துவிட்டு, யூசர்ஸுக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரை மொத்தமாக எடுங்கள். பிறகு அந்தக் காப்பியிலிருந்து நாலைந்து கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். காப்பி ஆனது என்பதும் திறக்கிறது என்பதும் ஒன்றில்லை.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, கொஞ்சம் செலவு. பழைய எஸ்எஸ்டியையோ ஹார்டு டிஸ்க்கையோ கழற்றி எடுத்து வைத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடுவது. எதுவுமே அழியவில்லை. எது மறந்தாலும் பழையதை ஒரு யூஎஸ்பி உறையில் செருகி எடுத்துக்கொள்ளலாம். வட்டு பிட்லாக்கரால் (விண்டோஸின் மறையாக்க வசதி) பூட்டப்பட்டிருந்தால் மட்டும் அதன் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இருக்க வேண்டும். இந்தச் சாவியைக் கழற்றுவதற்கு முன்பே எழுதிவைத்துக்கொள்வது உத்தமம். அப்கிரேடு வழியில் போகிறவர்களும்தான். நடுவில் ஏதாவது மாறினால் அந்தச் சாவியைக் கேட்டுத் திரை நிற்கும்.

கை நடுங்கும் திரை

அழித்துப் போடும் வேலையில் பெரும்பகுதி அடுத்து, அடுத்து என்று அழுத்துவதுதான். 8 ஜிபியாவது உள்ள ஒரு பென்டிரைவில், மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு நிறுவல் கோப்புகளை இறக்கிக்கொள்கிறோம். (அந்தப் பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். அதில்தான் பேக்கப் வைத்திருந்தேன் என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும்.) அதிலிருந்து கணினியைக் கிளப்புகிறோம். விண்டோஸின் உரிமச் சாவி கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம்; அதே கணினியில் ஏற்கெனவே முறைப்படி விண்டோஸ் 10 அல்லது 11 ஓடியிருந்தால் உரிமம் அந்த வன்பொருளோடு பதிவாகியிருக்கும், இணையம் கிடைத்ததும் தானாகச் சரியாகிவிடும். ஹோம் இருந்த இடத்தில் ஹோம், புரோ இருந்த இடத்தில் புரோ என்று அதே பதிப்பைத் தேர்ந்தெடுப்பது மட்டும் நம் பொறுப்பு.

அதன் பிறகு வரும் திரைதான் ஆபத்தானது. எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வரும். டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1, டிஸ்க் 0 பார்ட்டிஷன் 2 என்று வரிசையாக இருக்கும். பார்ட்டிஷன் என்றால் வட்டில் பிரித்து வைத்த ஒரு பாகம். ஒன்று 100 எம்பி, ஒன்று 16 எம்பி, ஒன்று சில நூறு ஜிபி, கடைசியில் இன்னொன்று. சி, டி என்ற எழுத்துகளை அங்கே தேடினால் கிடைக்காது. உங்கள் கணினியில் 500 ஜிபி வட்டை இரண்டு சம பாகமாகப் பிரித்து வைத்திருந்தால், எது சி, எது டி என்று அந்த இடத்தில் சொல்வது கஷ்டம். தவறான வரியைத் தொட்டு அழித்தால், “சி டிரைவை மட்டும்தானே அழிக்கிறோம், முக்கியமானதெல்லாம் டி-யில் இருக்கிறது” என்று நம்பியிருந்த டி போய்விடும்.

இதற்கு முன்னேற்பாடு எளிது. ஆரம்பிப்பதற்கு முன், பழைய விண்டோஸிலேயே டி டிரைவுக்கு ஒரு பெயர் வையுங்கள். ஒவ்வொன்றின் மொத்த அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது வட்டு தனியாக இருந்தால் அதன் கேபிளைக் கழற்றியே விடுங்கள்; இல்லாத வட்டை யாராலும் அழிக்க முடியாது. வட்டு ஒன்றுதான் என்றால் டி-யும் சி-யும் அதன் இரண்டு பாகங்கள்தான் என்பதையும் மனதில் வையுங்கள். டி-யில் வைத்தது பேக்கப் ஆகாது. வட்டு செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும்.

அந்தப் பட்டியல் காலியாகவே வந்தாலும் பதற வேண்டாம். இன்டெல் பிராசசரின் பதினொன்றாம் தலைமுறையிலிருந்து பல மடிக்கணினிகளில் இப்படி நடக்கிறது. வட்டைக் காட்டும் சேமிப்பக டிரைவர் விண்டோஸ் நிறுவியில் இல்லை, அவ்வளவுதான். கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதை இறக்கிப் பென்டிரைவில் முன்பே வைத்திருந்தால் அங்கேயே ஏற்றிக்கொள்ளலாம். வைஃபை டிரைவரையும் அதே பென்டிரைவில் போட்டுவையுங்கள். இணையம் இல்லாமல் இணையத்துக்கான டிரைவரைத் தேட முடியாமல் விழிப்பது எல்லோருக்கும் ஒருமுறையாவது நடக்கும்.

நடுவில் இரண்டு வழிகள்

மேலேயே போடுவது, அழித்துப் போடுவது இரண்டுக்கும் நடுவில் உள்ள வழிகளைப் பலர் கண்டுகொள்வதில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் இருக்கும் ரீசெட் ஒன்று. “என் கோப்புகளை வைத்துக்கொள்” என்பதைத் தேர்ந்தெடுத்தால், மென்பொருள்களும் அமைப்புகளும் போய்விடும், யூசர்ஸுக்குள் இருக்கும் கோப்புகள் மிஞ்சும். காயை வைத்துக்கொண்டு மரத்தை மட்டும் எடுத்துவிடுவது. பென்டிரைவும் வேண்டாம், அந்தப் பார்ட்டிஷன் திரையும் வராது. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: ஏற்கெனவே இருக்கும் அதே பதிப்பை அதன் மேலேயே அப்கிரேடாகக் கொடுப்பது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுவல் கோப்பைத் திறந்து செட்டப்பை ஓட்டி, எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்று சொல்வது. விண்டோஸின் கோப்புகள் மட்டும் புதிதாகும், மென்பொருள்களும் கோப்புகளும் அப்படியே இருக்கும். அப்டேட் ஏறவில்லை, ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை என்பது போன்ற நோய்களுக்கு ஃபார்மட்டுக்கு முன் இதை முயன்று பார்த்துவிடுவேன். பாதி முறை அதோடு வேலை முடிந்துவிடும்.

லினக்ஸிலும் மேக்கிலும்

லினக்ஸில் இந்தக் கேள்வி கொஞ்சம் வேறு வடிவம் எடுக்கிறது. மென்பொருள்களை அங்கே தொகுப்பு மேலாளர் என்ற நிரல் தொகுப்பு தொகுப்பாகக் கணக்கு வைத்துப் பராமரிப்பதால், அப்கிரேடு என்பது ஒவ்வொரு தொகுப்பாகப் புதியதற்கு மாற்றுவது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் பதிப்பைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. 11-லிருந்து 13-க்குப் போக வேண்டும் என்றால் நடுவில் 12-இல் ஒரு நிறுத்தம். இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் இரண்டு வருடத்துக்கு ஒன்றாக ஏப்ரலில் வரும். ஆனால் முந்தைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவர்களுக்கு அப்கிரேடு அழைப்பு உடனே வராது, புதியதன் முதல் திருத்தப் பதிப்பு வெளியான பிறகுதான் வரும். இந்தத் தாமதம் நமக்கு நல்லதுதான்.

லினக்ஸ்காரர்கள் பழகியிருக்கும் ஒரு தந்திரம், ஹோம் என்ற சொந்தக் கோப்புகளின் ஃபோல்டரைத் தனிப் பார்ட்டிஷனில் வைப்பது. இயங்குதளப் பகுதியை அழித்துப் போடலாம், ஹோமைத் தொடாமல் அப்படியே இணைத்துக்கொள்ளலாம். அதை ஃபார்மட் செய்யும் பெட்டியில் மட்டும் டிக் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு ஹோமுக்குள் ஒளிந்திருக்கும் பழைய அமைப்புக் கோப்புகள் எல்லாம் கூடவே வரும். பழைய மண், பழைய எறும்பு.

மேக்கில் இந்த விவாதமே கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. 2019இல் வந்த கேட்டலினா என்ற பதிப்பில் இயங்குதளத்தைத் தனியாக, யாரும் எழுத முடியாத பகுதியாகப் பிரித்தார்கள். 2020இல் பிக் சர் வந்தபோது அந்தப் பகுதிக்குக் கையெழுத்திட்டு முத்திரையும் வைத்துவிட்டார்கள். அதனால் அப்கிரேடு செய்த மேக்கிலும் அழித்துப் போட்ட மேக்கிலும் இயங்குதளப் பகுதி ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசமெல்லாம் உங்கள் செயலிகளிலும் கோப்புகளிலும்தான். 2021இன் மான்டரேயிலிருந்து, ஆப்பிளின் சொந்த பிராசசரான ஆப்பிள் சிலிக்கானோ டி2 என்ற பாதுகாப்புச் சிப்போ உள்ள மேக்குகளில் உள்ளடக்கத்தை மட்டும் ஒரே பொத்தானில் துடைத்துவிட முடிகிறது. கைபேசியில் ஃபேக்டரி ரீசெட் செய்வது மாதிரி.

முடிந்த பிறகு

எந்த வழியில் போனாலும் முதல் வாரம் கணினியைக் கொஞ்சம் விட்டுப்பிடியுங்கள். டிரைவர்கள் அப்டேட் வழியாக ஒவ்வொன்றாக வரும், விண்டோஸின் தேடல் வசதி உங்கள் கோப்புகளை மறுபடி படித்துப் பட்டியல் போடும், விசிறி சத்தம் போடும். இரண்டாம் நாளே “இது பழையதைவிட மோசம்” என்று தீர்ப்பு எழுதத் தேவையில்லை. மென்பொருள்களையும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் போட்டுவிடாமல், தேவை வரும்போது ஒவ்வொன்றாகப் போடுங்கள். போடவே போடாதவை எத்தனை என்று மாதக் கடைசியில் பார்த்தால் சிரிப்பு வரும்.

அழித்துப் போட்டிருந்தால் பழைய காப்பியை உடனே அழிக்க வேண்டாம். நான் மூன்று மாதம் வைத்திருப்பேன். போன முறை அதைத் திறக்க வேண்டி வந்தது எழுபதாவது நாளோ என்னவோ. ஒரு பழைய அழைப்பிதழைத் திறந்தபோது தலைப்பெழுத்துகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அதற்கான எழுத்துரு அந்தக் காப்பிக்குள்தான் இருந்தது.